கேசட் சிக்கும் இடம்

பெரியகுளத்து மாந்தோப்புக் கொட்டகையில் ஞாயிறு மதியம் பழைய டிஸ்கோ பாட்டுக்கு ஆடக் கூடும் பெரிசுகளில் ஒருவரை எனக்குப் பழக்கம். தலை முழுக்க வெள்ளை, கால்சட்டை மட்டும் இன்னும் பெல்பாட்டம். ஸ்பீக்கரில் பாட்டு தடங்கலில்லாமல் ஓடும். ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தில் மட்டும் தூக்கிய கையோடு அசையாமல் நின்றுவிடுவார். அப்புறம் விட்ட தாளத்தைப் பிடிக்கத் தடுமாறுவார்.

“முட்டி வலியாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்ல தம்பி. எங்க கேசட்டு அங்கனதேன் சிக்கும். கூட்டாளிக நாலு பேரும் அப்படியே நிப்போம். பென்சில விட்டு நாடாவச் சுத்துறதுக்குள்ள சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிரும்.” பெல்பாட்டத்தில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டார். “மத்த மூணு பேரும் போய்ச் சேந்துட்டாய்ங்க. இப்பப் பாட்டு நிக்கவே மாட்டேங்குது.”

போன வாரம் கம்பம் பஸ்ஸில் அதே பாட்டு. தாளம் போட்ட என் விரல் அந்த இடத்தில் தானாக நின்றது. பாட்டு நிற்கவில்லை.