யோகாம்பாளின் நோன்பும் உறைந்த புழுக்களும்

யோகாம்பாள் நோர்வேயின் வடக்கு முனையில், மீன் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் கொட் மீன் வெட்டியவர். நாள் முழுக்கக் கை மீனிலும் வாய் விரதத்திலுமாக, பிள்ளையார் பெருங்கதையின் இருபத்தொரு நாள் நோன்பை ஓராண்டும் விட்டதில்லை. இது முரணாக இல்லையா என்று கேட்டவர்களை, "வெட்டுறது சம்பளத்துக்கு, விரதம் எனக்கு" என்று வாயடைத்தவர். ஒஸ்லோவுக்கு வந்து வெஸ்ட்லி பகுதியில் ஒரு மாடிவீட்டில் குடியேறி, முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தக் கறார் தளரவில்லை.

ஆகவே 2008 டிசம்பரில், இடது கையில் நோன்புக் காப்பு நூலைக் கட்டியதும் முதலில் பிரிட்ஜைத் துடைத்தார். அடுத்ததாகக் கீழ்த்தட்டில் இருந்த ஐஸ்கிறீம் பெட்டியைத் தூக்கிப் பல்கனியில் வைத்தார். அதற்குள் மண்ணும், கணவர் சபாரத்தினம் தன் தொட்டி மீன்களுக்காக வளர்க்கும் வெள்ளைப் புழுக்களும் இருந்தன.

காப்பு அவிழ்க்க இரண்டு நாள் இருக்கையில் சபாரத்தினம் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். செங்கல்லைத் தட்டியது போலக் கேட்டது.

"நல்ல விரதமப்பா! ஆயிரம் உயிரைச் சாகடிச்சுப்போட்டு மோதகம் அவிக்கப் போறாய்."

"நீங்கள் மீனுக்குத் தீனியாப் போடத்தானே வளர்த்தனீங்கள்? அது தருமமோ?"

"நான் காப்புக் கட்டேல்லையே."

யோகாம்பாள் கையில் இருந்த காப்பு நூலைப் பார்த்தார். உயிர்க்கொலை என்றால் நோன்பு முறிந்தது. இத்தனை ஆண்டுத் தொடர்ச்சியும் போயிற்று.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகள் துஷ்யாவைக் கூப்பிட்டார்.

"செத்திட்டுதெண்டு ஆர் சொன்னது?" என்றாள் அவள். "வடதுருவத்துக்குக் கிட்ட ஸ்வால்பார்ட் தீவிலயும் இந்தச் சாதி இருக்கு, அம்மா. மண்ணோட மண்ணா உறைஞ்சு கிடக்கும். குளிர் மெல்ல ஏறினா, உடம்பில சேத்து வைச்ச மாச்சத்தைச் சீனியா மாத்திப்போடும். ஐஸ் கலங்களுக்கு வெளியிலதான் கட்டும். உள்ளுக்கை சீனி காப்பாத்தும். டக்கெண்டு உறைஞ்சாத்தான் ஆபத்து. பல்கனியில இருக்கிற மைனஸ் எட்டு அதுகளுக்குப் பெரிசில்லை. ஆனா எல்லாம் தப்புமெண்டு சொல்லமாட்டன்."

"கேட்டியளோ?" என்றார் யோகாம்பாள்.

"பிள்ளை படிச்சதைச் சொல்லுது. பெட்டி செத்ததைச் சொல்லுது."

"பாப்பம்."

கரண்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்து, கிண்ணத்தில் போட்டுப் பல்கனிக் கதவடியில், குளிர்ந்த தரையில் வைத்தார். சுடுதண்ணீர் ஊற்றினால் கெதியில் தெரியும் என்று வந்த கணவரை, "கை வையாதேங்கோ!" என்று துரத்தினார்.

மறுநாள் காலை மண் இளகியிருந்தது. புழுக்கள் கசங்கிய நூல்துண்டுகளாகக் கிடந்தன. யோகாம்பாள் தேநீர் ஆறும்வரை குனிந்தே இருந்தார். ஒன்று வளைந்தது. பிறகு பக்கத்தில் கிடந்த இன்னொன்று, வேலைக்குப் போக மனமில்லாததைப் போல நெளிந்தது. சற்று நேரத்தில் கிண்ணமே அசைந்தது.

சபாரத்தினம் அசையாத சிலவற்றை மட்டும் விரலால் காட்டினார்.

"உதுகள்?"

"அதுகள் வயசு போய்ச் செத்ததுகள்."

வைத்தியரே சான்றிதழ் கொடுத்தது போலச் சொன்னார். சபாரத்தினத்தால் மறுக்க முடியவில்லை. புழுவின் வயதை எவர் கண்டார்?

"சரி, பெட்டியை உள்ளுக்கை எடுக்கட்டோ?"

"காப்பு அவிழ்க்கும் மட்டும் அது அங்கைதான்."

"அப்ப மீனுக்கு?"

"மீனும் விரதம் பிடிக்கட்டும்."