கௌசல்யாவும் இரண்டாவது பிரிண்டரும்

சென்ற வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய கிடங்கு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. “நம்ம கௌசல்யா தவறிட்டாங்க. லேபல் தப்பு பண்ணாங்களே, அவங்கதான்.” தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்தக் குழுவில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் ஒரு ரசாயனக் கிடங்கில் நானும் கௌசல்யாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கணினிகள் அவர் பொறுப்பு, லேபல்கள் என் பொறுப்பு. லேபல் அச்சிடும் லினக்ஸ் கணினியின் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டுமே இருந்தது. அதில் எதைத் தொடுவதாக இருந்தாலும், அச்சாகாமல் வரிசையில் நிற்பவற்றை முதலில் பார்ப்பார். “பிரிண்டர் செத்தாலும் நீ அனுப்புனது சாகாது தேவா. உள்ளயே உக்காந்திருக்கும்” என்பார். “பேய்க் கத சொல்றியா லா” என்று கிண்டல் செய்வேன்.

தப்பு நடந்த அன்று அவர் பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டரிடம் போயிருந்தார். பிரிண்டர் படுத்துவிட்டது. வெளியே லோரிகள் நின்றன. இன்னொரு பிரிண்டரைச் சேர்க்கப் போகிறேன் என்று போனில் கெஞ்சி பாஸ்வேர்டை வாங்கினேன்.

“மொதல்ல வெயிட்டிங்ல இருக்கறத எல்லாம் கேன்சல் பண்ணிடு” என்றார்.

சரி என்றேன். செய்யவில்லை. ரத்து செய்தால் எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டுமே என்ற சோம்பலில், நின்றிருந்ததை அப்படியே புதுப் பிரிண்டருக்கு மாற்றிவிட்டேன். அது நிற்காமல் அச்சடித்துத் தள்ளியது, நாங்கள் சிரித்தோம். முந்தின வாரம் ரத்தான ஆர்டரின் அமில லேபல்களும் அதில் இருந்தன. லேபல்கள் வந்த வரிசையிலேயே ஆட்கள் டிரம்களில் ஒட்டினார்கள்.

கௌசல்யா திரும்பி வந்து கணினியைப் பார்த்தார். “எத்தன லோரி போச்சு?”

ஒன்று. பந்திங்கில் ஒரு நீச்சல் குளத்துக்கு. குளோரின் டிரம்களில் அமிலம் என்று ஒட்டியிருந்தது. அவற்றை அந்தக் குளத்தின் அமிலத் தொட்டியில் ஊற்றினால் கிளம்பும் புகை ஆளைக் கொன்றுவிடும். டிரைவர் போனை எடுக்கவில்லை. குளத்திலும் யாரும் எடுக்கவில்லை. கௌசல்யா காரை ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து நான் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான் வந்துகொண்டிருந்தது, பந்திங் வரவேயில்லை. பள்ளி விடுமுறை என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு டிரம்மின் மூடி திறந்திருந்தது. ஒருவர் நிரம்பிய வாளியோடு தொட்டியருகே நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல். “அண்ணே, ஊத்தாதீங்க. கீழ வச்சிட்டு வெளிய வாங்க” என்றார் கௌசல்யா, குரலை உயர்த்தாமல். அந்த ஆள் வைத்துவிட்டார்.

விசாரணைத் தாளில், பிரிண்டரை இணைத்தவர் என்ற இடத்தில் கௌசல்யா தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். “பாஸ்வேர்ட் குடுத்தது நான்தானே. உனக்குப் புள்ள பொறக்கப் போவுது, நீ வாயத் தொறக்காத” என்றார். நான் திறக்கவில்லை. அவர் வேலை போனது. அதன்பின் எப்போது போனில் பேசினாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் பயந்தேன்.

கிள்ளானில் கௌசல்யாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மகள் என் கையைப் பிடித்தாள். “அம்மா எல்லாத்தையும் ரெண்டு தடவ பாப்பாங்க அங்கிள். எப்படி அப்படி ஒரு தப்பு பண்ணாங்க?”

“தெரியலம்மா” என்றேன்.

தெரியும்மா. இணைத்தவன் நான். என் வேலை, என் வீடு, என் மகனின் படிப்பு எல்லாமே உன் அம்மாவின் கையெழுத்தால் எனக்கு மிஞ்சியவை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அவர் முன்னாலேயே உன்னிடம் பொய் சொன்னேன்.