சால்வை ஒன்றுதான்

அண்ணியின் பீரோ மேல்தட்டில் ஒரு மெரூன் சால்வை இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்து, பூச்சி அரித்துக் கிடக்கிறது. தூக்கிப் போடுங்களேன் என்றால், நாத்தனார் என்றும் பார்க்காமல் என்னை முறைப்பாள்.

அண்ணன் எல்லைச் சண்டையில் போய்விட்டான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அண்ணி பெயருக்குத்தான் வந்தது: பென்ஷன், ஆஸ்பத்திரி அட்டை, சுதந்திர தின மேடைக்கு அழைப்பு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரே சமையலறையில் நின்றுகொண்டு அண்ணியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். உப்பு வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பாள். போரில் கணவனை இழந்தவளை இங்கே மைசூரில் 'வீரநாரி' என்று மரியாதையாகச் சொல்வார்கள். "நாரியோ, நாறியோ! பெத்தவ நானு, பட்டம் அவளுக்கா?" என்று அம்மா பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி புலம்புவாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்ததே! கட்டியவளின் துக்கத்துக்கு மேடை உண்டு, பெற்றவளின் துக்கத்துக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அண்ணியோ பதிலே பேசமாட்டாள்.

அந்த ஆகஸ்டில் பள்ளி மைதானத்தில் தூறல், நல்ல குளிர். நான்தான் அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போயிருந்தேன். மைக்கில் அண்ணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறிய அண்ணி, அதிகாரி சால்வையை விரிக்கும்போது, "ஒந்து நிமிஷ, சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். சேற்றில் நடந்து நேராக எங்களிடம் வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"விடுடி, மானத்த வாங்காத" என்றாள் அம்மா. அத்தனை மாதத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அத்தை, அவர பட்டாளத்துக்கு அனுப்பி வச்சது நீங்க. நான் அதுக்கப்புறம் போட்டோ பாத்துக் கட்டிக்கிட்டவ. வாங்க."

வாயே திறக்காத இந்தப் பெண்ணா!

மேடையில் அதிகாரி திகைத்துப்போய், "மேடம், ஷால் ஒந்தே இரோது" என்றார். ஒன்றுதான் இருக்கிறதாம். "ஒந்தே சாக்கு, சார்" என்றாள் அண்ணி, ஒன்று போதுமென்று. அதை வாங்கித் தன் கையாலேயே அம்மாவுக்குப் போர்த்திவிட்டாள். அம்மா விறைத்து நின்றாள். பிறகு மெதுவாக, "நாரின்னா என்னடி அர்த்தம்?" என்று கேட்டாள்.

"பொம்பளன்னு அர்த்தம், அத்தை."

"அவ்ளோதானா?" என்று சொல்லும்போதே அம்மா உடைந்து அழுதாள். வீடு வரும்வரை அண்ணியின் கையை விடவில்லை.

அம்மா போன தையில் காலமானாள். கடைசிவரை குளிருக்கு அந்தச் சால்வைதான். இந்த ஆகஸ்டில் அண்ணி அதை எடுத்துப் போர்த்திக்கொண்டுதான் மேடையேறினாள். புதுச் சால்வையோடு வந்த இளம் அதிகாரி, பழசை எடுத்துவிடும்படி பணிவாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த எனக்கு அண்ணியின் பதில் கேட்டது. அதிகாரிகளிடம் எப்போதும் கன்னடத்தில் பேசுகிறவள், அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"இது மேலயே போடுங்க, சார். அவங்களுக்கு அப்புறந்தான் நான்."