தாடிக்கார வைத்தியரும் சனாமக்கியும்

மருந்துச் சரக்குக் கடையில் நிற்பவனிடம் ஊரே நாக்கை நீட்டிக் காட்டும். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போன் கார்டு சுரண்டி ஊருக்குப் பேசிய காலம் அது. தாவரவியல் பட்டத்தோடு விசிட் விசாவில் துபாயின் தேரா கடைத்தெருவுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மூன்று மாதத்தில் தேறினால் வேலை விசா, இல்லையென்றால் ஊர். முதலாளி கீழக்கரை பாய். நானூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரு சுவிஸ் வைத்தியரின் வாழ்க்கையைப் படித்திருப்பதாக அவரிடம் வாய் தவறிச் சொன்னேன். உடனே பாய் அந்த வைத்தியர் படத்தை அச்சடித்துக் கடையில் மாட்டிவிட்டார். "தாடி நல்லாயிருக்கு. இவர் கதையைச் சொல்லி வில்லு தம்பி."

டாக்டர் எங்கே?

முதலில் என்னிடம் சிக்கியவர் ஒரு நாகர்கோவில் நர்ஸ் அக்கா. அதிமதுரம் வாங்க வந்தவர், "இந்த டாக்டர் எங்க இருக்காரு?" என்றார். தோல் தைப்பவர் மகன், மலை மலையாக ஏறிச் செடி சேர்த்தவர், பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து பிளேக்கிலேயே இறந்தார் என்று உள்ளதைச் சொன்னேன். அக்கா அதிமதுரத்தைக் கீழே வைத்தார்.

"எங்க ஆஸ்பத்திரியில இப்படி ஒரு படம் மாட்டினா வார்டே காலியாயிரும் மக்கா."

தின்று பார்த்தேன்

அந்த வைத்தியர் செடிகளைத் தானே தின்று பார்த்து எழுதியவர். புகையிலையை மென்று தலைசுற்றியதைக்கூட மறைக்கவில்லை. தெரியாததை விற்கக் கூடாது என்று நானும் ஜாடி வரிசைப்படி தொடங்கினேன். ஐந்தாவது ஜாடி சனாமக்கி, வயிற்றை இளக்கும் இலை. ருசி பிடிபடாததால் ஒரு கைப்பிடி தின்றேன்.

மறுநாள் காலை ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து ஒரு ஃபோர்மேன் வந்தார். கேம்ப் சாப்பாட்டில் நான்கு நாளாக வயிறு கல்லு என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "ஒரு நிமிஷம்ணே" என்று ஓடினேன். வந்தேன். மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை திரும்பியபோது அவர் பாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தம்பி எதைத் தின்னுச்சோ, அதுல ஒரு கிலோ கட்டுங்க பாய்."

கடைசிக் கேள்வி

விசா முடிய நான்கு நாள். பாய் பக்கத்திலேயே நின்று கவனித்தார். நகைக்கடை ஹாஜியார் குங்குமப்பூ கேட்டார். வைத்தியர் கதையைச் சொன்னேன். இந்த முறை பிளேக் பக்கமே போகவில்லை. ஹாஜியார் முகம் மலர்ந்தது. பொட்டலம் கட்டியாயிற்று. "எத்தனை வயசு வரைக்கும் இருந்தாரு?" என்று கேட்டார். பாய் என் காலை மிதித்தார். தெரிந்ததைத் தெரியாது என்பது எப்படி? "நாற்பத்தொன்பது" என்றேன். ஹாஜியார் பொட்டலத்தை மெதுவாகத் திருப்பித் தள்ளினார்.

"எனக்கு அறுபத்தி மூணு. அவருதான் என்கிட்ட வந்து வைத்தியம் கேட்டிருக்கணும்."

கலாஸ்

மறுநாள் பாய் என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். எந்த விமானம் என்று கேட்டபடியே எடுத்துக் கொடுத்தேன். அவர் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாவிக்கொத்து ஒன்றை நீட்டினார்.

"விசா அடிக்கிறேன். பொய் சொல்லாதவனை நம்பிச் சரக்கை விடலாம். ஆனா கல்லா கலாஸ், முடிஞ்சுது. இனிமே குடோன்ல இருந்துக்கிட்டு மூட்டைகிட்ட உண்மையைச் சொல்லு, அது எந்திரிச்சுப் போகாது."

மருந்துச் சரக்குத் தொழிலில் உண்மை பேசுகிறவனுக்கும் விசா கிடைக்கும், குடோனில் ஜன்னல்தான் கிடைக்காது.