கீழ்க்கட்டளை ஃபாண்ட்

தொண்ணூறுகளின் பிற்பாதி. என் மனைவியின் எம்.ஃபில். ஆய்வேட்டைக் கீழ்க்கட்டளையில் ஒரு டி.டி.பி. கடையில் தமிழில் அடிக்கக் கொடுத்திருந்தோம். சமர்ப்பிக்க மறுநாளே கடைசி. கடைக்காரரின் பிரிண்டர் பழுது.

"ஃபைல் ஃப்ளாப்பியில கீது சார். எங்க வேணா தொறக்கலாம். என் மிஷின்ல எடமில்ல, அழிச்சிட்டேன்" என்றார்.

அடித்து முடிந்ததென்று நம்பி, கையெழுத்துப் படியை நாங்கள் பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம். மிஞ்சியது அந்த ஒரு ஃப்ளாப்பிதான்.

பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில், தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த இன்னொரு டி.டி.பி. கடையில், ஒரு பெண்மணி அதைத் திறந்தார். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் தலைகீழ்க் கேள்விக்குறிகளுமாக இருந்தன.

"இன்னாக்கா, சீனாக்காரனுக்கா எழுதினீங்க?" என்று அவர் சிரித்தார்.

முழுவதையும் தேர்ந்தெடுத்துத் தம் கடையின் தமிழ் ஃபாண்டை, அதாவது எழுத்துருவை, போட்டார். தமிழ் வந்தது, ஆனால் படிக்க முடியாத தமிழ். நான் வாய் திறப்பதற்குள் அவர் விரல்கள் 'சேவ்' கொடுத்துவிட்டன.

"ஏம்மா சேவ் பண்ணீங்க?"

"பழக்கம் சார். கரண்ட் போனா யாரு பதில் சொல்றது?"

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பழையபடி மாற்றச் சொன்னேன். கொம்பு எழுத்துகள் திரும்பின. "இப்ப சேவ் பண்ணுங்க" என்று இந்த முறை நானே சொன்னேன்.

பக்கங்களை நகர்த்தச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அதே கிறுக்கல் அச்சு மாறாமல் இருந்தது.

"அது என் தலைப்புங்க" என்றாள் மனைவி.

அப்படியானால் எதுவும் அழியவில்லை; ஃபைலுக்குள் ஒவ்வொரு எழுத்தையும் குறிக்கும் எண்ணும் ஃபாண்டின் பெயரும் மட்டுமே இருந்தன. எழுத்துக்கு வடிவம் தரும் அந்த ஃபாண்ட் கீழ்க்கட்டளைக் கடையிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் கொண்டுவர வேண்டும்.

ஆட்டோ பிடித்துக் கீழ்க்கட்டளைக்குத் திரும்பினோம். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம்.

"ஃபாண்டும் வேணுமா? நீங்க கேக்கவே இல்லியே சார்!" என்றார் கடைக்காரர். இன்னொரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார்.

தாம்பரத்தில் அந்தப் பெண்மணி அதைத் தம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃபைலை மறுபடி திறந்தார். முதல் வரி தமிழில் வந்தது. என் மனைவி அதை நம்பவில்லை. "கடைசிப் பக்கத்தைக் காட்டுங்க" என்றாள். முடிவுரையின் கடைசி வாக்கியத்தை உதடசைத்துப் படித்தபிறகுதான் உட்கார்ந்தாள்.

பெண்மணியின் விரல்கள் பழக்கப்படி மறுபடி விசைப்பலகையை நோக்கி நகர்ந்தன.

"அக்கா, ஒண்ணும் தொடாதீங்க!" என்று கத்தினாள் மனைவி. "பிரிண்ட் மட்டும் குடுங்க."