கம்பைலர் கக்கிய கோப்புகள்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கோப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், கூடவே ஒரு மூட்டைக் கோப்புகளையும் கக்கித் தள்ளும். அதில் எது வேண்டும், எது குப்பை என்று தெரிந்தால்தான் பில்ட் டூல் எல்லாவற்றையும் சேர்த்து மென்பொருளாகக் கட்ட முடியும். அதை எழுதிவைப்பது அக்காவின் வேலை. கம்பைலர்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கோப்பின் பெயரை மாற்றிவிடுவார்கள். அக்கா சின்னதாக ஒரு நிரலை ஓட்டிப் பார்த்துத் தானே கண்டுபிடிப்பாள்.

அக்காவின் கணவரும் மகளும் வேறு ஊரில். அங்கேயும் எங்களுக்குக் கிளை உண்டு என்பதால் அக்கா இடமாற்றம் கேட்டிருந்தாள். "யார் படிச்சாலும் புரியற மாதிரி எழுதிக் குடுத்துட்டு தாராளமா கிளம்புங்கம்மா," என்றார் மேலாளர். அக்கா மாடாக உழைத்து எழுதினாள். கோப்புக்கு ஒரு வரி: பெயர், எங்கே விழும், யாருக்கு வேண்டும், அழிக்கலாமா. கடைசிக் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஒழுங்குதான் வினையாகப் போயிற்று. பில்ட் டூலைக் கவனிக்கும் மகா புத்திசாலி, இத்தனை சுத்தமாக இருக்கிறதே என்று டூலையே அந்த ஆவணத்தை நேரடியாகப் படிக்க வைத்துவிட்டான். கைதட்டல் அவனுக்கு.

அக்காவின் இடத்துக்கு வந்தவர், வந்த வாரமே ஒரு வரியில் 'பெரும்பாலும் அழிக்கலாம்' என்று எழுதினார். மனுஷன் படித்தால் புரியும். டூலுக்குப் புரியுமா? மாடி முழுக்க வேலை நின்றது. வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்காவை ஓடிவரச் சொன்னார்கள். வந்து அந்த வரியைத் திருத்தினாள். எல்லாம் ஓடியது.

"பாத்தீங்களா? நீங்க இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது," என்றார் மேலாளர், என்னவோ பாராட்டுகிற மாதிரி. இடமாற்றம் இப்போதைக்கு இல்லையாம்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் நான் இருந்தேன்.

"ஏம்மா, நீ கொஞ்சம் கன்னாபின்னான்னு எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள் மகள்.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு அப்படி எழுத வராதேடி," என்றாள்.