கயிற்றைத் தராத அக்கா

நன்றாகப் பால் கறக்கும் ஆட்டை யாராவது சும்மா விற்பார்களா? கவரைப்பேட்டையில் கம்பெனி வேலைக்குப் போகும் ஓர் அக்கா தன் ஆட்டை விற்கிறார் என்றதும் எனக்கு வந்த சந்தேகம் இதுதான்.

“வாடகை ஊட்டுக்குப் போறோம்மா. அங்க ஆடு வெக்க உடமாட்டாங்களாம்” என்றார் அவர். நான் நம்பவில்லை.

கால்நடைப் பராமரிப்பில் பட்டயம் பெற்றவள் நான். பல், கண் இமையின் உட்புறம், குளம்பு, மடி என்று வரிசையாகச் சோதித்தேன். மடிநோய் இருந்தால் பால் திரியும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும் என்பதால், முதல் பாலைக் கறுப்புக் கிண்ணத்தில் பீய்ச்சச் சொன்னேன். குறையே இல்லை.

“வாங்கிக்கிறேன்க்கா” என்று கை நீட்டினேன். அவர் கயிற்றைத் தரவில்லை.

“இப்ப நீ கற. நான் பாக்குறேன்.”

“எதுக்குக்கா?”

“பாலுக்குன்னு வாங்கினு போய் பிரியாணிக்குப் போட்டுட்டா? மூஞ்சில எழுதியா கீது?”

சுருக்கென்றது. உட்கார்ந்து கறந்தேன். ஆடு அசையாமல் நின்றது. அக்காவின் பார்வை என் விரல்களை விட்டு நகரவில்லை. அப்போதும் திருப்தி வராமல், “கொட்டாய் எங்க கீது? நானும் வரேன்” என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார். என் கொட்டகையில் தரை ஈரமில்லை என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் கயிற்றைத் தந்தார்.

விற்பவர் எதை மறைக்கிறார் என்று பார்க்கத்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வாங்க வந்த என்னைப் பார்த்தும் ஒருவர் பயப்படுவார் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.